தொழில்முனைவைக் கற்பிக்க முடியுமா? காக்கிநாடா சோதனையும் பின்வந்த சான்றுகளும்

கேள்வியும் அதன் எல்லையும்

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தொடங்கப்பட்டது. புதிதாக ஒரு தொழிலைத் தொடங்குவது எப்படி என்பதற்கென்று அங்கே ஒரு பாடம் வந்தது 1947 பிப்ரவரியில்தான். மைல்ஸ் மேஸ் நடத்திய அந்தப் பாடத்தில் 188 பேர் சேர்ந்தார்கள். பலர் இரண்டாம் உலகப் போரிலிருந்து அப்போதுதான் திரும்பியவர்கள். அதுவரை வணிகப் பள்ளி சொல்லித் தந்தது, ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தை நடத்துவதற்கான அறிவை. 'வணிகக் கொள்கை' என்ற பெயரில் நடந்துவந்த மேல்வகுப்புப் பாடம் பிற்பாடு 'நிறுவன உத்தி' என்ற துறையாக வளர்ந்தது. தொழில்முனைவு அதற்குப் பக்கத்தில், நெடுங்காலம் விருப்பப் பாடமாகவே இருந்தது.

இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. நிறுவன உத்தி படிக்கும் மாணவரிடம் ஒரு நிறுவனத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் வரவு செலவு, ஆலை, ஆட்கள், போட்டியாளர்கள் எல்லாம் கேஸ் ஸ்டடியின் சில பக்கங்களுக்குள் இருக்கும். எந்தச் சந்தையில் நிற்பது, எதிலிருந்து விலகுவது என்று அவர் தீர்மானித்தால் போதும். தொழில்முனைவுப் பாடத்தில் கால் ஊன்ற அந்தத் தரையும் கிடையாது. பொருள் இன்னும் செய்யப்படவில்லை. வாங்குபவர் யாரென்று தெரியாது. முதல் எங்கிருந்து வரும் என்பதும் தெரியாது. கணக்கையும் முறையையும் சொல்லிக்கொடுத்த பிறகும் ஆசிரியருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவர் துணிய வேண்டும். இது வகுப்பறையில் நடக்கக்கூடியதா?

இதற்கு நம்மிடையே இரண்டு விடைகள் புழங்குகின்றன. வியாபாரம் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்பது ஒன்று. அது பெரும்பாலும் சாதியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. யாரையும் சில வாரங்களில் தொழில்முனைவோராக்கிவிடலாம் என்பது மற்றொன்று. பயிற்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதை நம்பிச் செலவிடுகின்றன. கடந்த அறுபது ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகள் இரண்டையுமே ஆதரிக்கவில்லை என்பது என் வாதம். வகுப்பறை ஒருவருடைய முன்முயற்சியையும் முடிவெடுக்கும் திறனையும் மாற்றுகிறது. ஆனால், ஏதோ ஒன்றின் மீது ஏற்கெனவே அதிகாரம் உள்ளவரிடம்தான் அந்த மாற்றம் தொழிலாக விளைகிறது. இதைக் கவனிக்காமல், பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்று மட்டும் எண்ணுவது பாடத்தையும் கெடுக்கிறது, பயில்வோரையும் ஆபத்தில் தள்ளுகிறது.

காக்கிநாடா: பத்து நாள் பயிற்சி

டேவிட் மெக்கிளெலண்ட் ஹார்வர்டில் உளவியல் பேராசிரியர். வணிகப் பள்ளியைச் சேர்ந்தவரல்ல. 1961இல் வெளிவந்த 'தி அச்சீவிங் சொசைட்டி' நூலில் அவர் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். செய்யும் காரியத்தை முன்னிலும் நன்றாகச் செய்ய வேண்டும் என்ற உள்ளுந்துதல், அவர் சொற்களில் 'சாதனை ஊக்கம்', எந்தச் சமூகத்தில் மிகுந்திருக்கிறதோ அந்தச் சமூகம் பொருளாதாரத்தில் முன்னேறும் என்பது அதன் சாரம். பல நாடுகளின் பள்ளி வாசகப் புத்தகங்களில் குழந்தைகளுக்கு என்ன கதைகள் சொல்லப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்து அவர் அதை நிறுவ முயன்றார். நாடுகளுக்கிடையிலான அந்தத் தொடர்பைப் பிற்கால மறுஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கோட்பாட்டின் அந்தப் பகுதி இன்று வலுவிழந்துவிட்டது.

ஆனால் மெக்கிளெலண்ட் நூலோடு நிற்கவில்லை. சாதனை ஊக்கம் பிறவியில் வருவதல்ல, வயது வந்த பிறகும் அதை வளர்க்கலாம் என்று நம்பினார். நம்பியதைச் சோதித்தும் பார்த்தார். களம் ஆந்திரக் கடற்கரையில் இருக்கும் காக்கிநாடா. 1964 தொடங்கி, அந்த ஊரின் வியாபாரிகளும் சிறுதொழில் நடத்துவோருமாக 52 பேர் குழுக்களாக ஹைதராபாத்துக்குச் சென்று, அங்கிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். வேலூரிலிருந்தும் ஒரு குழு போனது. காக்கிநாடாவைப் போன்ற இன்னொரு ஊரான ராஜமுந்திரி, பயிற்சி தரப்படாத ஒப்பீட்டு நகரமாக இருந்தது. தொழில்முனைவுக் கல்வியின் வரலாற்றில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனையில் வேலூருக்கும் பங்குண்டு என்பதை நாம் அரிதாகவே நினைவுகூர்கிறோம்.

அந்தப் பத்து நாட்களில் நடந்தவற்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கணக்கெழுதுவதோ சந்தைப்படுத்துவதோ அங்கே முதன்மைப் பாடமாக இல்லை. பயில்வோரிடம் சில படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களில் ஒரு கதை எழுதச் சொன்னார்கள். பிறகு, அந்தக் கதையில் வருபவருக்குத் தெளிவான இலக்கு இருக்கிறதா, தடையை அவர் முன்கூட்டியே நினைக்கிறாரா, யாரிடம் உதவி கேட்கிறார், தோற்றால் என்ன செய்கிறார் என்று எழுதியவரே எண்ணி மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு முளையை நோக்கி வளையம் எறியும் விளையாட்டும் உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பது அவரவர் விருப்பம். முளைக்குப் பக்கத்தில் நின்றால் தவறவே தவறாது. தொலைவில் போய் நின்றால் விழுந்தாலும் அது அதிர்ஷ்டம். நடுத்தரத் தூரத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு எறிக்கும் பின் தன் கையைத் திருத்திக்கொள்பவரே சாதனை ஊக்கம் மிகுந்தவர் என்பது மெக்கிளெலண்டின் கருத்து. விளையாட்டு முடிந்ததும், யார் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்று குழுவாகப் பேசினார்கள். கடைசியில், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான இலக்கை ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் புதிய தொழில், விரிவாக்கம், கூடுதல் முதலீடு என்று குறிப்பிடத்தக்க முயற்சிகளில் இறங்கியிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது கால்வாசிதான். சின்ன ரேடியோ கடை வைத்திருந்த ஒருவர் பெரிய பெயின்ட், வார்னிஷ் தொழிற்சாலை தொடங்கியதை மெக்கிளெலண்ட் பெருமையோடு பதிவுசெய்தார். டேவிட் வின்டருடன் சேர்ந்து அவர் எழுதிய 'மோட்டிவேட்டிங் எகனாமிக் அச்சீவ்மென்ட்' 1969இல் வெளிவந்தது.

அந்தத் தரவுகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

முதலில் குறைகள். பயிற்சிக்கு வந்தவர்கள் கடையையும் வீட்டையும் பத்து நாள் விட்டுவிட்டு ஹைதராபாத் வரச் சம்மதித்தவர்கள். அந்தச் சம்மதமே அவர்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்துகிறது. இன்றைய ஆய்வு முறைப்படி, விருப்பம் தெரிவித்தவர்களுக்குள்ளேயே குலுக்கல் போட்டு யாருக்குப் பயிற்சி என்று முடிவுசெய்திருப்பார்கள். எண்ணிக்கையும் சிறியது. பின்தொடர்ந்து பேட்டி கண்டதும், எது 'குறிப்பிடத்தக்க முயற்சி' என்று தரம் பிரித்ததும் திட்டத்தோடு தொடர்புடையவர்களே.

இவற்றை எல்லாம் கழித்த பிறகும் நூலில் ஒரு முடிவு உறுதியாக நிற்கிறது. ஆசிரியர்களின் பெரிய கோட்பாட்டை விட அது முக்கியமானது என்று கருதுகிறேன். பயிற்சியின் விளைவு எல்லோரிடமும் ஒரே அளவில் தெரியவில்லை. தம் நிறுவனத்தில் முடிவெடுக்கும் பொறுப்பு யார் கையில் இருந்ததோ அவர்களிடம் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அப்பாவோ அண்ணனோ பங்காளியோ கல்லாவில் உட்கார்ந்திருக்க, அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. அவர்களும் அதே கதைகளை எழுதினார்கள், அதே வளையத்தை எறிந்தார்கள். ஊர் திரும்பியபோது சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்தது.

காலத்தையும் மறக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் தொழில் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம், இறக்குமதி உரிமம், இரும்பு, சிமெண்ட் ஒதுக்கீடு ஆகிய கட்டுப்பாடுகளுக்குள் இவர்கள் தொழில் செய்தார்கள். நடுவில் 1965இன் போர், அதையொட்டி வறட்சி, 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைப்பு. ஊக்கம் பெற்ற ஒருவர் எதை நோக்கி அந்த ஊக்கத்தைச் செலுத்துவார் என்பதை இத்தகைய சூழலே தீர்மானிக்கிறது. வில்லியம் பாமோல் 1990இல் எழுதிய கட்டுரை இதைத்தான் கோட்பாடாக்கியது: தொழில்முனைவுத் திறன் எந்தச் சமூகத்திலும் உண்டு, அது உற்பத்திக்குப் போகிறதா, உரிமங்களைக் கைப்பற்றும் வேலைக்குப் போகிறதா என்பதை விதிகள் முடிவுசெய்கின்றன.

சென்னை மாநிலம் தரும் மாற்றுச் சாட்சியம்

மெக்கிளெலண்டின் 'தி அச்சீவிங் சொசைட்டி' நூலுக்கு ஓராண்டு முன்பே, 1960இல், ஜேம்ஸ் பெர்னா என்ற ஆய்வாளரின் 'இண்டஸ்ட்ரியல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் இன் மெட்ராஸ் ஸ்டேட்' வெளிவந்துவிட்டது. சென்னை, கோயம்புத்தூர் பகுதிகளின் 50க்கும் மேற்பட்ட நடுத்தரப் பொறியியல் தொழிற்கூடங்களை அவர் நேரில் ஆராய்ந்தார். உரிமையாளர்கள் பலவகைச் சமூகங்களிலிருந்தும் தொழில்களிலிருந்தும் வந்திருந்தார்கள். எந்தச் சாதி, என்ன மனப்பான்மை என்பதை விட, முதல் கிடைத்ததா, தொழில்நுட்ப அனுபவம் இருந்ததா, பொருளுக்குத் தேவை இருந்ததா என்பவையே விளக்கம் தந்தன. சிறிய முதலோடு தொடங்கி, லாபத்தைத் திரும்பத் தொழிலிலேயே போட்டு வளர்ந்தவர்கள் கணிசம்.

கோவையின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் பெர்னாவின் முடிவு இன்னும் துலக்கமாகும். கொங்கு நாட்டில் மழை குறைவு. விவசாயம் கிணற்றை நம்பியது. மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகள் ஆழமாக ஆழமாக, இறைக்க இயந்திரம் தேவைப்பட்டது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. அந்த ஆலைகளின் இயந்திரங்களையும் வெளிநாட்டு மோட்டார்களையும் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. பழுதுபார்த்த கைகள் உதிரிபாகம் செய்யத் தொடங்கின. பிறகு முழு இயந்திரத்தையே செய்தன. டி. பாலசுந்தரம் நாயுடு 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்தது இந்தத் தொடர்ச்சியில் வந்தது. வார்ப்பாலை, லேத் பட்டறை, பம்ப்செட் ஒன்று சேருவதற்குள் ஒரு தலைமுறை தொழில் கற்றுவிட்டது. யாரும் அவர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி தரவில்லை. விவசாயிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு உருகியது. நிலத்திலிருந்து கொஞ்சம் பணம் வந்தது.

மில்டன் சிங்கரின் ஆய்வு இதே திசையில் இன்னொரு படி. 1964இல் சென்னையின் முன்னணித் தொழிலதிபர்கள் 19 பேரை அவர் பேட்டி கண்டார். இந்து மதமும் கூட்டுக் குடும்பமும் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்ற மாக்ஸ் வேபர் வழிக் கருத்தை அவர்களின் வாழ்க்கை பொய்ப்பித்தது. வீட்டில் ஒரு ஒழுங்கு, ஆலையில் வேறொன்று என்று இரண்டையும் மோதவிடாமல் வாழ்ந்தார்கள். கூட்டுக் குடும்பமே பலருக்குத் தொழில் அமைப்பாகப் பயன்பட்டது.

திருப்பூர் பற்றி இரண்டு ஆய்வுகளை மட்டும் குறிப்பிடுகிறேன். அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட கட்டுரை, பின்னலாடைத் தொழிலில் உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவரையும் வெளியிலிருந்து வந்தவர்களையும் ஒப்பிட்டது. கவுண்டர்கள் தொடக்கத்திலேயே கணிசமாகக் கூடுதல் முதலோடு இறங்கினார்கள். சமூக வலைப்பின்னலுக்குள் பணம் மலிவாகக் கிடைத்தது. வெளியாட்கள் குறைந்த முதலோடு சிறிதாகத் தொடங்கினாலும் உற்பத்தியில் வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் முந்தினார்கள். திறமை ஓரிடத்திலும் முதல் வேறோரிடத்திலும் இருந்திருக்கிறது. அதே ஆண்டில் ஷரத் சாரி எழுதிய 'ஃப்ராட்டர்னல் கேப்பிட்டல்' முதலாளிகளின் தன்வரலாற்றைக் கேட்டது. நிலத்தில் உழைத்து, பனியன் கம்பெனியில் தொழிலாளியாக நின்று, கூட்டாளிகளோடு சேர்ந்து முதலாளியானவர்கள் தம் உயர்வுக்கெல்லாம் காரணம் 'உழைப்பு' என்றார்கள். அந்த உழைப்பு பொய்யல்ல. ஆனால் அதே அளவு உழைத்த மற்றவர்கள் ஏன் முதலாளியாகவில்லை என்ற கேள்வியை அந்தக் கதை மறைத்துவிடுகிறது என்று சாரி காட்டினார். தொழில்முனைவு வகுப்புகளுக்கு அழைக்கப்பட்டு வரும் வெற்றியாளர்களின் உரைகளைக் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலாண்மைப் பள்ளிகளின் புதிய சோதனைகள்

தொழில்முனைவோர் யார், அவர் குணம் என்ன என்று தேடுவது தவறான கேள்வி. அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என 1988இல் வில்லியம் கார்ட்னர் எழுதிய பிறகு ஆய்வின் திசை மாறியது. அந்தத் திசையில் அதிகம் பேசப்பட்டது சரஸ் சரஸ்வதியின் ஆய்வு. இந்தியாவில் பிறந்த அவர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சைமனின் வழிகாட்டலில், அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் 17 பக்கச் சிக்கல் ஒன்றைக் கொடுத்தார். தொழில்முனைவைப் பற்றிய கணினி விளையாட்டு ஒன்றை விற்கும் கற்பனை நிறுவனம். எடுக்க வேண்டிய பத்து முடிவுகள். யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். பாடப்புத்தகம் சொல்லும் வரிசையில் அவர்கள் போகவில்லை. சந்தை ஆய்வை நம்பவில்லை. எனக்குத் தெரிந்தவர் யார், இதை முதலில் யாரிடம் விற்றுப் பார்க்கலாம், நஷ்டமானால் எவ்வளவு தாங்குவேன் என்றுதான் தொடங்கினார்கள். நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்று கேள்விகளாக இதைச் சுருக்கி, இன்று பல நாட்டு வணிகப் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள்.

பாடமாக இது நல்லது; நிறுவன உத்தியின் முன்திட்ட மோகத்துக்கு நல்ல மருந்து. ஆனால் மூன்றாவது கேள்வியில் நம் சமூகம் முழுவதும் இருக்கிறது. லட்சுமி அய்யர், தருண் கன்னா, அசுதோஷ் வர்ஷ்ணே ஆகியோர் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மக்கள்தொகையில் 16.4 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர் 2005ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பில் 9.8 விழுக்காடு தொழில் நிறுவனங்களுக்கே உரிமையாளர்கள். 'எனக்கு யாரைத் தெரியும்' என்பதற்கு ஒருவர் மில் முதலாளியான மாமாவைச் சொல்வார். இன்னொருவருக்கு அந்த வரி காலியாக இருக்கும். கைவசம் இருப்பதிலிருந்து தொடங்கு என்ற அறிவுரை, கைவசம் இருப்பது எப்படி வந்தது என்று கேட்பதில்லை. சரஸ்வதியின் கோட்பாட்டில் எனக்கு உள்ள முதன்மையான கருத்து வேறுபாடு இதுதான்.

முறையான குலுக்கல் ஒதுக்கீட்டோடு நடந்த சோதனைகளுக்கு வருவோம். மிலானில் நான்கு ஆய்வாளர்கள் 116 இத்தாலியத் தொடக்க நிறுவனங்களை இரண்டாகப் பிரித்தார்கள். முடிவுகள் 2020இல் வெளிவந்தன. இரு பிரிவுக்கும் ஒரே அளவு வகுப்பு. ஒரு பிரிவுக்குக் கூடுதலாக, தம் யோசனையைக் கருதுகோளாக எழுதுவது, எந்த எண் வந்தால் தொடர்வோம், எது வந்தால் நிறுத்துவோம் என்று முன்பே வரையறுப்பது ஆகியவை கற்றுத்தரப்பட்டன. அப்பிரிவினர் அதிகம் வருவாய் ஈட்டினார்கள். அதிகம் திசை மாறினார்கள். தொடக்கக் கட்டத்தில் தொழிலைக் கைவிட்டவர்கள் அப்பிரிவில் மற்றதை விட அதிகமில்லை. ஹார்வர்டில் ஜோஷ் லெர்னரும் உல்ரிகே மால்மெண்டியரும் கண்டது இன்னும் எதிர்பாராதது. அங்கே மாணவர்கள் எந்தப் பிரிவில் அமர்வது என்பது அவர்கள் கையில் இல்லை. முன்பு தொழில் நடத்திய சக மாணவர்கள் அதிகமிருந்த பிரிவுகளிலிருந்து, படிப்பு முடிந்து தொழில் தொடங்கியவர்கள் குறைவு. குறைந்தவை பெரும்பாலும் தோற்றிருக்கக்கூடிய முயற்சிகள். அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசனையைச் சலித்துத் தந்திருக்கிறார். நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களுக்கு நடந்த ஒரு தொழில்முனைவுத் திட்டத்தைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்விலும், பாடத்துக்குப் பின் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தது. அதைத் தோல்வி என்று சிலர் வாசிக்கிறார்கள். தன்னைப் பற்றிச் சரியாக அறிந்துகொண்டதன் விளைவாகவும் அது இருக்கலாம்.

ஆப்பிரிக்காவின் டோகோவில் நடந்த சோதனை நம்மை நேராகக் காக்கிநாடாவுக்கு அழைத்துப்போகிறது. தலைநகர் லோமேயில் 1,500 சிறுதொழில் நடத்துவோர் மூன்று பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பயிற்சி. ஒரு பிரிவுக்கு மைக்கேல் ஃப்ரேசே என்ற உளவியலாளரின் 'தன்முனைப்பு' பயிற்சி: தானாகத் தொடங்குவது, வாய்ப்பை முன்கூட்டித் தேடுவது, தடை வந்தால் விடாமல் தொடர்வது. மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவின்படி தன்முனைப்புப் பயிற்சி லாபத்தை 30 விழுக்காடு உயர்த்தியது. பெண்களிடம் 40 விழுக்காடு. வழக்கமான பயிற்சியின் 11 விழுக்காடு, புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. திருமண ஆடைகளை வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெண், பயிற்சிக்குப் பின் கையுறையும் முக்காடும் விற்கத் தொடங்கி வளர்ந்தார்.

மெக்கிளெலண்ட் சரியாகச் சொன்ன பாதியை டோகோ மீட்டுத் தருகிறது. மனப்பாங்கைக் கற்பிக்க முடியும்; கணக்கைக் கற்பிப்பதை விட அதற்குப் பலன் கூடுதல். ஆனால் லோமேயில் பயின்றவர்கள் அனைவரும் ஏற்கெனவே ஒரு தொழிலின் உரிமையாளர்கள், சாவி தம் கையில் உள்ளவர்கள். வகுப்பு முடிந்த பின்னும் சில மாதங்கள் பயிற்சியாளர் அவர்களின் கடைக்கே வந்து பார்த்தார். கல்லூரி இறுதியாண்டு மாணவரிடம் அதே பாடம் அதே பலனைத் தரும் என்று இதிலிருந்து முடிவுகட்ட இடமில்லை.

இருக்கும் நிறுவனத்தை நடத்துவதற்கான அறிவு இதைவிட எளிதாகக் கைமாறுகிறது என்பதற்கு மும்பைக்கு அருகில் தாராபூர், உமர்காவ் நெசவாலைகளில் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் செய்த ஆய்வு (2013) சான்று. 17 நிறுவனங்களின் 28 ஆலைகள். அவற்றில் ஒரு பகுதிக்கு இலவச மேலாண்மை ஆலோசனை. முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இவ்வளவு லாபகரமான நடைமுறைகளை ஏன் முன்பே கைக்கொள்ளவில்லை என்று கேட்டபோது, பலருக்கு அவை தெரியவே இல்லை. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதோ அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதைப் பொறுத்திருந்தது. வெளியாள் ஒருவரிடம் பொறுப்பை நம்பி விடும் சூழல் இல்லை. நிறுவன உத்தி வகுப்பில் வளர்ச்சிக்கான காரணங்களாகப் பட்டியலிடப்படுபவற்றில் மகன்களின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும்.

யார் எவ்வளவு இழக்க முடியும்?

காக்கிநாடாவின் வழித்தோன்றல்கள் இந்தியாவில் விரைவாகப் பெருகின. 1970ஐ ஒட்டி குஜராத் அரசின் தொழில் நிறுவனங்கள் தொடங்கிய பயிற்சித் திட்டங்கள், 1983இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனம் என்று அந்தப் பாதை நீண்டது. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் 2001இல் வந்தது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டம் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் தந்து, அவற்றோடு பயிற்சியையும் இணைத்தது. பயிற்சியையும் முதலையும் ஒன்றாகக் கொடுக்கும் இந்த அமைப்பு, மேலே பார்த்த சான்றுகளோடு பொருந்துகிறது. ஊக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பும் திட்டங்களை விட இது மேலானது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்காக 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 விழுக்காடு, வட்டி மானியம் 6 விழுக்காடு. மூன்றாவது கேள்விக்கான காலி வரியை அரசு ஓரளவு நிரப்பப் பார்க்கிறது.

குறை, அளவிடும் முறையில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், அவர்களில் கடன் வாங்கித் தொடங்கியவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களே கேட்கப்படும்வரை, பயிற்சி முடித்து, கணக்குப் போட்டுப் பார்த்து, இது வேண்டாம் என்று விலகுபவர் தோல்வியாகவே பதிவாவார். லெர்னர், மால்மெண்டியர் ஆய்வு காட்டியது அதற்கு நேர்மாறு. நல்ல பாடத்தின் அடையாளங்களில் ஒன்று, சரியான நேரத்தில் கைவிடுதல். பயிற்சியாளர் இலக்கு எண்ணை எட்ட வேண்டிய கட்டாயத்தில் இருந்தால், "இது ஓடாது" என்று வாய்திறந்து சொல்ல மாட்டார்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு முயற்சியில் தோற்றால் அது அனுபவம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, மனைவியின் தாலிக்கொடியையும் நகைக்கடனில் வைத்து இறங்கியவருக்குத் தோல்வி என்பது கந்துவட்டிக்காரரின் வாசல். சோதித்துப் பார், தவறினால் திசை மாறு என்று இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர், இரண்டாமவருக்கு எவ்வளவு இழக்கலாம் என்ற கணக்கை முதல் வகுப்பிலேயே போட்டுக் காட்டக் கடமைப்பட்டவர். துணையும் முக்கியம். அகமதாபாத்தில் சேவா வங்கியின் பெண் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்த ஆய்வொன்றில், தோழியை உடன் அழைத்துவரச் சொல்லப்பட்ட பெண்களிடம் கடன் பெறுவதும் தொழில் ஈடுபாடும் கூடின. கட்டுப்பாடுகள் மிகுந்த சமூகப் பிரிவுகளிலிருந்து வந்த பெண்களிடம் விளைவு இன்னும் வலுவாகத் தெரிந்தது. தனியாக வந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை.

தமிழ்நாட்டில் இக்கேள்வியை ஆராயப் புதிதாக ஒரு காக்கிநாடா தேவையில்லை. விண்ணப்பித்துத் தேர்வானவர்கள், நூலிழையில் தேர்வாகாதவர்கள், பயிற்சி முடித்தும் கடன் வாங்காதவர்கள் என்று மூன்று வகையினரும் மாவட்டத் தொழில் மையங்களின் வழியாக ஆண்டுதோறும் கடந்துபோகிறார்கள். ஐந்தாண்டு கழித்து இம்மூவரின் வருமானம் என்ன, கடன் எவ்வளவு, சொத்து மிஞ்சியதா, தொழில் யார் பெயரில் ஓடுகிறது, உண்மையில் யார் முடிவெடுக்கிறார் என்று பின்தொடர்ந்து கேட்கலாம். நம் பல்கலைக்கழகங்களின் மேலாண்மைத் துறைகள் அந்தப் பதிவேடுகளை அரசிடம் கேட்டுப் பெற்று, பெயர்களை நீக்கி, சாதி, பாலினம், குடும்பத் தொழில் வாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும்.